என்ற பேர்ல எழுதிக்கோங்க

சூலூரிலும் சோமனூரிலும் ஒரு இருபது வருஷ காலத்தில் பிறந்தவர்களுடைய ஜாதக நோட்டைப் புரட்டினால், பலவற்றில் முதல் பக்கத்துக்குள் நாலாக மடித்த ஒரு துண்டுத் தாள் இருக்கும். ஆணா பெண்ணா, தேதி, கிழமை, மணி, நிமிஷம். அவ்வளவுதான். கீழே கையெழுத்துக் கிடையாது. அது தேவைப்பட்டதும் இல்லை. ஜோசியர்கள் அந்த எழுத்தைப் பார்த்ததுமே, நர்சம்மா எழுதினதா, அப்போ சரி என்று பஞ்சாங்கத்தைத் திறந்துவிடுவார்கள். வேறு இடத்தில் பிறந்த பிள்ளை என்றால் அப்பனைக் கேட்டு, அத்தையைக் கேட்டு, இரண்டு நேரத்துக்கும் நடுவில் ஒன்றைப் போடுவார்களாம். நர்சம்மாவின் சீட்டுக்கு மட்டும் மறுகேள்வி கிடையாது.

பன்னிரண்டு கட்டில் போட்ட ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி அது. முன்கூடத்தில் மேசை போட்டு நான் உட்கார்ந்திருந்தேன். டோக்கன் கொடுப்பது, பெயர் பதிவது, பஞ்சுக் கட்டையும் மருந்தையும் உள்ளே கொண்டுபோய் வைப்பது என் வேலை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எனக்குத் தெரிந்ததெல்லாம் மனிதர்கள் பேசிக் கேட்டதுதான். அதனாலேயே வேலை இல்லாத நேரத்தில் அவர் பக்கத்தில் போய் நின்றுகொள்வேன். ஊருக்கு அவர் நர்சம்மா. எனக்கு அக்கா.

ஆஸ்பத்திரியில் இரண்டு கடிகாரங்கள் இருந்தன. முன்கூடத்துக் கடிகாரம் இருபது நிமிஷம் வேகம். டாக்டரம்மாவின் மாமனார் காலத்திலேயே அப்படி வைத்துவிட்டார்களாம். வேலைக்கு வருகிறவர்கள் நேரத்தோடு வரவும், பார்க்க வந்தவர்கள் பஸ்ஸை விட்டுவிடாமல் கிளம்பவும் அந்த ஏற்பாடு. எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் மனசுக்குள் இருபதைக் கழித்துக்கொள்வோம். பிரசவ அறையில் மாட்டியிருந்தது அக்காவின் கடிகாரம். தினமும் காலையில் ரேடியோவில் செய்திக்கு முன்னால் மணி சொல்லும்போது, அவர் ஸ்டூலில் ஏறி நின்று முள்ளைத் திருத்துவார். அரை நிமிஷம் பிந்தியிருந்தாலும் விட மாட்டார். செல் மாற்றினால் அதன் மேல் சிறிய பிளாஸ்திரித் துண்டு ஒட்டித் தேதி எழுதி வைப்பார்.

"வெளிய இருக்கறது ஊரை முடுக்கற கடியாரம். இது வர்றவங்களுக்கு வாசப்படி" என்பார்.

எதைப் பிறந்த நேரம் என்று எடுப்பது என்பதிலும் அவருக்கு ஒரு தீர்மானம் இருந்தது. தலை தெரிந்த நேரம் என்பார்கள் சிலர், தொப்புள்கொடி அறுத்த நேரம் என்பார்கள் சிலர். அக்காவுக்கு அழுகைதான் கணக்கு. மூச்சை இழுத்து ஒரு சத்தம் போட்டால்தான் ஆள் வந்து சேர்ந்ததாக அர்த்தம், அதற்கு முன்னால் எல்லாம் பிரயாணம் என்று சொல்வார். அழுகை கேட்டதும் தலையைத் தூக்கிக் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை உரக்கச் சொல்வார். பக்கத்தில் நிற்கிற ஆயா அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். கதவுக்கு வெளியே நிற்கிற எனக்கே கேட்கும்.

இதையெல்லாம்விட அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியது வேறொன்று. தன் கையால் ஒரு தப்பு நடந்துவிட்டால், யாரும் கேட்பதற்கு முன்னால் அவரே போய்ச் சொல்லிவிடுவார். ஒரு தடவை பிள்ளை பெற்ற பெண்ணுக்குக் கொடுத்த பாலில் சர்க்கரைக்குப் பதிலாக உப்பைப் போட்டுவிட்டார். அந்தப் பெண் பயந்துகொண்டு பாதியைக் குடித்தும்விட்டது. டாக்டரம்மா வார்டுக்குள் நுழைந்து முகத்தைச் சுளிக்கும்போதே அக்கா முன்னால் போய் நின்றார். "என்ற பேர்ல எழுதிக்கோங்க" என்றார். எங்கள் பக்கம் ‘என்ற’ என்றால் என்னுடைய. அவர் அடிக்கடி சொல்லும் வாக்கியம் அது. எங்கே எழுதுவது, எந்த நோட்டில் எழுதுவது என்று ஒன்றும் கிடையாது. ஆனால் சொல்லிவிடுவார். சொன்ன பிறகு முகம் லேசாகிவிடும்.

ஒருநாள் நான் கேட்டேன், எதற்கு இப்படி முந்திக்கொண்டு போய் மாட்டிக்கொள்கிறீர்கள் என்று.

"அடுத்தவங்க தப்பை நான் சொமக்க மாட்டேன் தம்பி. என்றதை அடுத்தவங்க சொமக்கவும் உட மாட்டேன். அவ்வளவுதான்" என்றார்.

அந்த வாக்கியத்தின் முன்பாதிதான் இன்றைக்கும் என்னைத் தூங்க விடாமல் செய்கிறது. அதற்கு வருகிறேன்.

அவருக்கு நாற்பத்தாறு, நாற்பத்தேழு வயதாகும்போது சின்னச் சின்ன நழுவல்கள் தொடங்கின. முதலில் கண்டுபிடித்தவரும் அவரேதான். எங்களுக்கெல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும். பேனாவை ஸ்பிரிட் தம்ளரில் போட்டுவிட்டுத் தெர்மாமீட்டரைச் சட்டைப்பையில் செருகிக்கொள்வார். ஆயாவைக் கூப்பிட நினைத்து, வேலையை விட்டுப்போய் நாலு வருஷமான இன்னொரு ஆயாவின் பெயரைச் சொல்வார். சித்திரை வைகாசி ஆகியும் கேஸ் ஷீட்டில் போன வருஷத்தையே எழுதுவார். ஒரு வாக்கியத்தை எழுதும்போது நடுவில் ஒரு சொல்லை விட்டுவிட்டு, அடுத்த வரியில் அதே சொல்லை இரண்டு முறை எழுதுவார்.

ஒருமுறை பெண் குழந்தைக்கு ஆண் என்று சீட்டு எழுதி அனுப்பிவிட்டார். அப்பன்காரன் கூடத்தில் எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்துக்கொண்டிருந்தான். பத்து நிமிஷத்தில் அக்காவே வெளியே ஓடி வந்தார். ஏனுங்க, தப்பு என்றதுங்க, பொறந்திருக்கறது அம்மணிங்க என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். அந்த ஆள் சாக்லேட் டப்பாவை மூடினான். அதைப் பார்த்து அக்கா, அம்மணிக்கு இனிப்பு கசக்குதுங்களா என்று கேட்டதும் திரும்பவும் திறந்தான். கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்பில் நானும் இருந்தேன்.

அதற்குப் பிறகு அவர் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் அன்றைய தப்பை ஒரு வரி எழுதி, ஜன்னலோரம் தொங்கிய கம்பியில் குத்திவைப்பார். ‘பேனா ஸ்பிரிட்டில்.’ ‘ஏழாம் கட்டில் பெண்ணை மூணு தரம் ராசாத்தி என்று கூப்பிட்டேன், அவள் பேர் அது இல்லை.’ இப்படி. ஓய்வு நேரத்தில் எனக்கு அதை வாசித்துக் காட்டுவார். "கை ஒரு பக்கம் எழுதுது தம்பி, புத்தி காரமடைத் தேர் பாக்கப் போயிருது" என்பார். காரமடை அவர் பிறந்த ஊர். ஆயா வல்லாரைக் கீரை கொண்டுவந்து கொடுத்தாள். அக்கா அதைச் சட்னி அரைத்துத் தின்றுவிட்டு, தின்னதையே மறந்துட்டேன், இன்னொரு கட்டு கொண்டா என்று அவளைக் கிண்டல் செய்தார்.

டாக்டரம்மாவிடம் போய்த் தனக்கு என்ன ஆகிறது என்று கேட்டார். அவர் சிரித்து, வயசுதான், எனக்கும் அப்படித்தான் இருக்கிறது என்றார். உண்மைதான். முந்தாநாள் வீட்டுக்குப் போன பெண்ணைத் தேடிக் காலிக் கட்டில் முன்னால் நின்று, எங்கே அவள் என்று டாக்டரம்மா அதட்டியதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் டாக்டரம்மா மறந்தால் அதற்கு வேலை ஜாஸ்தி என்று பெயர். அக்கா மறந்தால் மறதி என்று பெயர். கம்பியில் குத்தி வைத்திருந்தது அக்கா ஒருவர்தானே. தன் தப்பைத் தானே எழுதி வைக்கிறவரிடம் ஊருக்கு ஒரு தைரியம் வந்துவிடுகிறது. காணாமல் போன கத்தரிக்கோல், மாறிப்போன துண்டு, மூடாத குழாய் எல்லாமே, நர்சம்மாவாகத்தான் இருக்கும் என்று ஆனது. அவரும் யோசித்துப் பார்த்து, இருக்கும் இருக்கும் என்பார்.

அந்த வருஷம் தைப்பூசத்தன்று மருதமலைக்குப் போகிற கூட்டம் ரோடெல்லாம் போய்க்கொண்டிருந்தது. மத்தியானம் இரண்டரை மணி இருக்கும். அக்கா சாப்பிடப் போயிருந்தார். நான் பஞ்சுக் கட்டு வைக்கப் பிரசவ அறைக்குள் போனபோது கடிகாரம் நின்றிருந்தது. அக்கா வந்து பார்த்தால் சங்கடப்படுவாரே என்று, மேசை டிராயரில் இருந்து ஒரு புதுச் செல்லை எடுத்துவந்து போட்டேன். என் கைக்கடிகாரம் வார் அறுந்து ரிப்பேருக்குப் போயிருந்தது. கதவைத் திறந்து முன்கூடத்துக் கடிகாரத்தை எட்டிப் பார்த்தேன். அதில் இருந்த மணியை அப்படியே வைத்தேன்.

ஏழு வருஷம் அந்தக் கடிகாரத்தில் இருபதைக் கழித்தே வாழ்ந்தவன் நான். எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. கழிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் ஸ்டூலில் ஏறினேன் என்றும் ஒரு ஞாபகம் இருக்கிறது. வெளியே யாரோ டோக்கன் கேட்டார்கள். இறங்கி ஓடினேன். பழைய செல்லைக் குப்பைக் கூடையில் போட்டேன்.

சாயங்காலம் சோமனூரில் தறி போட்டிருக்கிற ஒருவரின் மனைவிக்குப் பெண் பிறந்தது. அக்காவின் குரல் கேட்டது, அஞ்சு முப்பத்தி ரெண்டு என்று. ஆயாவும் சொன்னாள், அஞ்சு முப்பத்தி ரெண்டு. சீட்டு வெளியே வந்தது. எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

மறுநாள் காலை ரேடியோ மணி சொன்னபோது அக்கா ஸ்டூல் மேல் நின்றிருந்தார். வெகுநேரம் இறங்கவில்லை. நான் உள்ளே எட்டிப் பார்த்தேன்.

"தம்பி, கடியாரம் இருபது நிமிஷம் முந்தி ஓடுது. யாராச்சும் தொட்டீங்களா?"

ஆயா இல்லை என்றாள். அந்த நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. செல்லும், டோக்கனும், கழிக்காமல் விட்ட இருபதும். சொல்லியிருக்கலாம். சொன்னால் கிடைக்கப்போவது டாக்டரம்மாவிடம் ஒரு திட்டு. அதிகம் போனால் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேச மாட்டார். ஆனால் என் வாயில் வந்தது வேறு.

"நேத்துக் காலைல நீங்கதானுங்கக்கா வெச்சீங்க."

பொய்யில்லை. முந்தின நாள் காலையில் ரேடியோ கேட்டு வைத்தவர் அவர்தான். அத்தனை சுத்தமான உண்மையை அதற்கு முன்னும் பின்னும் நான் சொன்னதில்லை.

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். இறங்கி வந்து காலண்டர்த் தாளைக் கிழித்து எழுதினார். ‘கடிகாரம் இருபது நிமிஷம் தப்பாக வைத்துவிட்டேன். வைத்தது ஞாபகம் இல்லை.’ எழுதிவிட்டு அதை எனக்கு வாசித்துக் காட்டவில்லை.

நேரே வார்டுக்குப் போனார். அங்கே அந்தச் சோமனூர்க்காரரும் அவருடைய தமக்கையும் முகம் தொங்கி உட்கார்ந்திருந்தார்கள். முந்தின நாள் சாயங்காலம் ஐந்து இருபதோடு பூசம் முடிந்து ஆயில்யம் தொடங்கியிருந்ததாம். சீட்டின்படி பிள்ளை ஆயில்யம். ஆயில்ய நட்சத்திரத்துப் பெண்ணை மாமியார் இருக்கிற வீட்டில் எடுக்க யோசிப்பார்கள். தைப்பூசத்தன்றைக்குப் பிறந்தும் பூசம் இல்லாமல் போய்விட்டதே என்று அந்தம்மா இரவெல்லாம் அழுதிருக்கிறார். அக்கா போய், கடிகாரம் தப்பு, பிறந்தது ஐந்து பன்னிரண்டுக்கு, தப்பு என்னுடையது என்று சொல்லிப் புதுச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த பிறகு ஒன்று கேட்டார்.

"ஏனுங்க நர்சம்மா, நேத்துத்தான் தப்பா ஓடுச்சுங்களா? முந்தாநேத்து? போன மாசம்?"

அக்கா யோசித்தார். அவரைத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும், அவர் யோசிக்காமல் ‘இல்லை’ என்று சொல்கிறவர் இல்லை. நேற்று வைத்ததே ஞாபகம் இல்லாதபோது முந்தாநாளைப் பற்றி எதை வைத்துச் சொல்வார். "தெரியலீங்க" என்றார்.

அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. தைப்பூசத்துக்கு வந்த உறவு உறம்பரையோடு சேர்ந்து அது ஊர் ஊராகப் போனது. அடுத்த வாரத்தில் இருந்து ஜாதக நோட்டும் கையுமாக ஆட்கள் வரத் தொடங்கினார்கள். இந்தச் சீட்டுச் சரிதானா பாருங்கள் என்று என் மேசை முன்னாலேயே வரிசை நின்றது. நான்தான் அவர்களுக்கு டோக்கன் கொடுத்தேன். பையனுக்கு மூன்று இடத்தில் பொருத்தம் பார்த்தும் கூடவில்லை, நீங்கள் எழுதின நேரம்தான் காரணமோ என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் கேட்கவே இல்லை, சீட்டை அக்காவின் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். பல்லடத்து ஜோசியர் ஒருவர் இனிமேல் அந்த எழுத்துக்கு ஜாதகம் கணிப்பதில்லை என்று சொல்லி அனுப்பினார். இருபது வருஷத்துச் சீட்டுகளும் ஒரு மத்தியானத்து இருபது நிமிஷத்தில் கெட்டுப்போயின.

இந்தச் சமயத்தில்தான் எனக்குப் பிளாஸ்திரி ஞாபகம் வந்தது. நான் போட்ட செல்லின் மேல் தேதி இல்லை. அக்கா என்றைக்காவது கடிகாரத்தைக் கழற்றி முதுகைத் திருப்பிப் பார்த்தால் போதும், வேறு யாரோ செல் மாற்றியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். பார்த்திருந்தால் பிழைத்திருப்பார். அவர் கடிகாரத்தைச் சந்தேகப்படவே இல்லை. சந்தேகப்பட்டதெல்லாம் தன்னை.

ஒரு மத்தியானம், அவர் சாப்பிடப் போன அதே நேரத்தில், நான் ஸ்டூலில் ஏறினேன். பிளாஸ்திரித் துண்டு வெட்டி, அவர் போடுகிற மாதிரியே எண்களைப் போட்டு, பொங்கலுக்கும் தைப்பூசத்துக்கும் நடுவில் ஒரு தேதியை எழுதிச் செல்லில் ஒட்டினேன். முதலில் செய்தது மறதி. அதற்குப் பிறகு சொன்னது கோழைத்தனம். இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த மாதம் அக்கா கடிகாரத்தைத் துடைக்கக் கழற்றினார். நான் கதவோரம் நின்றிருந்தேன். அவர் செல்லைப் பார்த்தார், கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு ஒரு மாதிரி சிரித்தார்.

"இங்க பாரு தம்பி. தை மாசம் செல் மாத்தியிருக்கறேன், மாத்துனது சுத்தமா ஞாபகம் இல்லை. வருஷத்தையும் போன வருஷமா எழுதிப்போட்டிருக்கறேன்."

வருஷம் பிறந்து ஒரு மாதம் ஆகியும் பழைய வருஷத்தை எழுதியது என் கை. அதையும் அவர் தாளில் எழுதிக் கம்பியில் குத்தினார்.

அதற்குப் பிறகு அவர் கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்வதை நிறுத்திவிட்டார். நீ பார்த்துச் சொல்லு என்று ஆயாவிடம் விட்டுவிடுவார். பஞ்சு எண்ணிக்கையை மூன்று முறை எண்ணுவார், மூன்று முறையும் சரியாகவே இருக்கும், நாலாவது முறை ஆயாவை எண்ணச் சொல்வார். சித்திரையில் டாக்டரம்மா அவரைக் கூப்பிட்டு, கொஞ்ச நாள் பிரசவ அறை வேண்டாம், வெளியே ஊசி போடுகிற இடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நயமாகச் சொன்னார். ஊசி போடும் இடத்திலும் ஒரு பெண் கையை இழுத்துக்கொண்டு, வேறு ஆள் இல்லையா என்று கேட்டாள். அக்கா சிரிஞ்சைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டார். மாதக் கடைசியில் வேலையை விட்டுவிட்டுக் காரமடையில் அண்ணன் வீட்டுக்குப் போனார்.

போகிற அன்று என் மேசைக்கு வந்தார். நான் எழுந்து நின்றேன். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் முந்திக்கொண்டார்.

"எல்லாரும் எனக்குப் பூசி மெழுகுனாங்க கண்ணு. வயசு, அலுப்பு, வல்லாரைன்னு. நீ ஒருத்தன்தான் மூஞ்சிக்கு நேரா ஒடைச்சுச் சொன்னவன், நீங்கதானுங்கக்கா வெச்சீங்கன்னு. அன்னைக்குத்தான் எனக்குப் புத்தி வந்துது. நல்லா இரு."

தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

அந்தக் கம்பியை அவர் எடுத்துக்கொண்டு போகவில்லை. நான் எடுத்து வைத்திருக்கிறேன். நூற்றுக்கு மேல் தாள்கள். அதில் உள்ள தப்புகளில் இரண்டு அவருடையவை இல்லை. அவர் வயதைத் தாண்டிவிட்ட எனக்கும் இப்போது எல்லாம் நழுவுகிறது. போன வாரம் ரேஷன் விண்ணப்பத்தில் மகன் பெயர் எழுத வேண்டிய இடத்தில் செத்துப்போன தம்பியின் பெயரை எழுதிவிட்டு வந்தேன். வீட்டில் சிரித்தார்கள், விட்டுவிட்டார்கள். என்னுடையதை யாரும் கம்பியில் குத்துவதில்லை. நானும் குத்தியதில்லை.

அக்கா காரமடைக்குப் போய் மூன்று வருஷம் கழித்து ஒருமுறை பார்த்தேன். காந்திபுரத்தில் மேட்டுப்பாளையம் பஸ்ஸுக்கு நின்றிருந்தார். இளைத்திருந்தார். ஆனால் அதே பேச்சு. எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, பொண்ணு எந்த ஊர் என்று கேட்டார். மூத்ததுக்கு ஒரு வயது என்றேன். பிறந்த நேரத்தைச் சரியாகக் குறித்தார்களா என்று கேட்டுவிட்டு, தானே வேறு பேச்சுக்குப் போய்விட்டார். அப்போது பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் அக்கா கையில் கடிகாரம் இருப்பதைப் பார்த்து, மணி என்னங்கம்மா என்றார்.

அக்கா கையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு இறக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீ பாத்துச் சொல்லு. என்றதை நம்ப முடியாது."

பதினொன்று இருபது என்றேன். அவர் அந்தப் பெரியவரிடம் அதையே சொன்னார். அக்காவின் மணிக்கட்டிலும் பதினொன்று இருபதுதான் இருந்தது.